ஐந்தாவது கை

இந்த நாட்டில் என் காலை ஒரு கேள்வியோடு தொடங்குகிறது. கட்டிலருகே போய் நின்று, "இன்று என்னுடன் ஒரு மாணவி இருக்கிறாள். அவள் உங்களைக் கவனித்துக்கொள்ளலாமா?" என்று நோயாளியிடம் கேட்க வேண்டும். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். கேட்பது விரைவில் பழகிவிட்டது, காத்திருப்பதுதான் வரவில்லை. இங்கிலாந்துக்கு வந்த புதிதில், நோயாளி வாய் திறப்பதற்குள் திரையை இழுத்துவிட்டுப் போர்வையை விலக்கத் தொடங்கிவிடுவேன். "அவர் இன்னும் சரியென்று சொல்லவில்லையே" என்று வார்டு சிஸ்டர் ஒருநாள் என் மணிக்கட்டைத் தொட்டு நிறுத்தினார். என் வேலைத்திறனில் அவருக்குச் சந்தேகம் என்று எண்ணி அன்றெல்லாம் மனம் குமைந்தேன்.

ஊரில் இருந்தவரை எனக்கு அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, எண்பதுகளின் பிற்பகுதியில், அம்பத்தூரைத் தாண்டி இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் மாணவிகளுக்கு வார்டில் பயிற்சி கொடுப்பவளாக இருந்தேன். மாணவிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பயிற்சி நோட்டு உண்டு. இத்தனை பிரசவப் பரிசோதனை, இத்தனை ஊசி, இத்தனை கட்டு என்று செய்து காட்டி என் கையெழுத்து வாங்க வேண்டும். நோட்டு நிரம்பாதவள் கடைசித் தேர்வு எழுத முடியாது. ஜெனரல் வார்டில்தான் அந்த நோட்டுகள் நிரம்பின. மாடியில், பணம் கட்டிப் படுப்பவர்களுக்கான ஸ்பெஷல் வார்டுக்குள் மாணவிகளை அழைத்துப்போகக் கூடாது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. எனக்குக் காரணம் தெரியும்; தெரிந்துதான் நானும் கேட்கவில்லை.

கலாவதி நூம்பலிலிருந்து வந்தவள். நிலத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்து, பிறகு அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் மூட்டை தூக்கப் போன ஒருவரின் மகள். அந்தக் குடும்பத்தில் பள்ளிப் படிப்பைத் தாண்டியவள் அவள் ஒருத்தியே. ஒருநாள் காலை, கன்னியம்மா என்ற பெண் செம்பரம்பாக்கம் பக்கத்திலிருந்து பிரசவ வலியோடு வந்து படுத்திருந்தாள். ஆறு மாணவிகளை வரிசையாக நிறுத்தினேன். கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று ஒவ்வொருத்தியும் கைவிட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். நால்வர் முடித்தார்கள். ஐந்தாவதாகக் கலாவதி. அவள் கையுறையை மாட்டிக்கொண்டு, குனிந்து, அதுவரை எவரும் கேட்காததைக் கேட்டாள்.

"அக்கா, நானும் ஒரு வாட்டி பாக்கட்டுமா?"

"வேணாம்மா. நாலு பேரு கைய வுட்டாச்சு, வலி தாங்கல. நான் இன்னா மார்க்கெட்ல வெச்ச கத்திரிக்காயா, ஆளாளுக்கு அமுக்கிப் பாக்கறதுக்கு?"

மாணவிகளில் இருவர் சிரித்துவிட்டார்கள். கலாவதி சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றினாள். "மிஸ், அவங்க வேணாங்கறாங்க."

"உன்னை யாரு கேக்கச் சொன்னது?"

"வலிக்குதுன்றாங்க மிஸ். எங்க அக்கா மாரியே கீறாங்க."

அவளை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு அடுத்தவளை அழைத்தேன். கன்னியம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எனக்கும் ஒரு நியாயம் இருந்தது. இன்று ஒருத்தி மறுத்தால் நாளை வார்டே மறுக்கும். பிறகு இவர்கள் எங்கே கற்பார்கள், கற்காத நர்சுகளால் எத்தனை உயிர் போகும் என்று கணக்காக யோசித்துத்தான் கலாவதியின் நோட்டில் "பயிற்சிக்கு ஒத்துழைக்கவில்லை" என்று எழுதினேன். அதை வைத்து அவளைப் பயிற்சியிலிருந்து ஆறு மாதம் நீக்கிவைத்தார்கள். ஆறு மாதம்தானே என்று நினைத்தேன். ஒரு பெண்ணை ஆஸ்பத்திரியிலிருந்து நீக்கிவைத்தார்கள் என்றால் அவள் தெரு என்ன காரணம் கற்பிக்கும் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. அவளுடைய அப்பா வந்து, எதுவும் கேட்காமல், பெட்டியோடு அவளை அழைத்துப்போனார். அவள் திரும்பி வரவில்லை.

சென்ற ஆண்டு இங்கே, ஹெலன் என்ற மாணவியோடு ஒரு முதியவரின் கட்டிலருகே போய் நின்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தப் பெண் செய்யட்டும். நீ தொட வேண்டாம்."

காரணம் என் தோலில் இருந்தது. அவர் அதை மறைக்கவும் இல்லை. 'நோயாளி மறுத்துவிட்டார்' என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு, எனக்குப் பதிலாக வேறொரு நர்ஸை அனுப்பினேன். வராந்தாவில் ஹெலனின் கண்கள் கலங்கியிருந்தன. "இதை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை" என்றாள். "மறுக்க அவருக்கு உரிமை இருக்கிறது" என்றேன். அதை அவள் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டாள். மதியத்துக்குள் வார்டு முழுவதும் என் பொறுமையைப் புகழ்ந்தது. இரண்டு மறுப்பும் ஒன்றல்ல. கன்னியம்மா வலியை மறுத்தாள், இவர் என்னை மறுத்தார். ஆனாலும் ஓர் அற்பக் காரணத்துக்காக இவர் சொன்ன சொல்லுக்கு நான் கொடுத்த மரியாதையில் ஒரு துளிகூடக் கன்னியம்மாவுக்குக் கொடுக்கவில்லை. இதை ஹெலனிடம் சொல்லும் துணிவு எனக்கு இன்றுவரை வரவில்லை.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது முதலில் அந்த ஆஸ்பத்திரியின் நர்சிங் பள்ளிப் பிரின்சிபாலைப் பார்த்துப் பேசினேன். மனுக் கொடுத்தால் கலாவதியை விட்ட இடத்திலிருந்து சேர்த்துக்கொள்ள முயல்வதாகச் சொன்னார். அந்த வாக்கைச் சுமந்துகொண்டு நூம்பலுக்குப் போனேன். ஏரியோரத்து வயல்களில் மனைக்கற்கள் நட்டிருந்தார்கள். கலாவதி எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்; அன்று வார விடுமுறை.

"வாங்க மிஸ். இன்னா இப்டி எளச்சுட்டீங்க? வெள்ளக்காரன் சோறு போடறானா இல்லியா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"வேணாம் மிஸ்."

"யோசிச்சுச் சொல்லு கலா."

"பத்து வருசமா யோசிச்சுகினுதான கீறேன்."

நான் செய்தது தவறு என்று சொல்லத் தொடங்கினேன். அவள் கையை உயர்த்தினாள்.

"அத்த வுடுங்க. அந்தக் கன்னியம்மாவத் தேடிப் போனீங்களா?"

போகவில்லை. கடல் தாண்டி வந்த என் குற்ற உணர்வில் கன்னியம்மா ஓர் உதாரணமாக மட்டுமே இருந்தாள். அவள் பெற்றது ஆணா பெண்ணா என்பதுகூட என் நினைவில் இல்லை.

"பொம்பளப் புள்ள," என்றாள் கலாவதி, நான் கேட்காமலே.

வேலப்பன்சாவடி நிறுத்தம் வரை அவளே உடன் வந்தாள். அங்கே நின்றிருந்த ஒருத்தி என் புடவையையும் தோள்பையையும் பார்த்துவிட்டு, "ஆரு கலா இது?" என்றாள்.

"அம்பத்தூர் ஆஸ்பத்திரில இருந்தாங்க," என்றாள் கலாவதி, பஸ் வரும் திசையைப் பார்த்தபடி. "இப்ப இங்க இல்ல."

நான் அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.