ஒரு நாள் பின்னால்

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் குகன் விசைப்பலகையைத் தொடமாட்டார். முதலில் திரையின் வலது மூலையில் இருக்கும் தேதியைப் பார்ப்பார். பிறகு மணிக்கட்டைத் திருப்பிக் கைக்கடிகாரத்தின் தேதியைப் பார்ப்பார். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அடுத்த பேச்சு. வேலை முடிந்து எழுந்திருக்கும்போதும் அதே சடங்குதான். "என்னண்ணே, நல்ல நேரம் பாக்கிறீங்களா?" என்று பங்சார் கிளினிக்கில் ஒரு பெண் கேலி செய்தாள். எதற்கும் சிரிக்கிற மனிதர், அதற்கு மட்டும் சிரிக்கவில்லை.

தொழில் கம்ப்யூட்டர் ரிப்பேர், வீடு பிரிக்பீல்ட்ஸில். பகலெல்லாம் மோட்டார் சைக்கிளில் பங்சாருக்கும் கிள்ளானுக்குமாக அலைச்சல். கிளினிக், லோரிக் கம்பெனி, பஸ் டிக்கெட் கவுண்டர் என்று சின்னச் சின்ன இடங்கள்தான் அவருடைய வாடிக்கை. அங்கே ஓடும் புரோகிராம்கள் ஒரு தனி ரகம். இணையப் பக்கத்தில் ஒரு பட்டனைத் தட்டினால், எங்கேயோ இருக்கும் சர்வரிலிருந்து இறங்கி வந்து இந்தக் கணினியில் திறக்கும். வந்தால் உண்டு; வராவிட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான். "இது ஊட்டோட மாப்பிள்ளை இல்ல பாஸ், விருந்தாளி. ஒவ்வொரு வாட்டியும் கூப்பிடணும், மொகம் கோணாம வரவைக்கணும்," என்பார்.

போனில் அவர் படும் பாட்டைப் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும்.

"என்னமோ எழுதி வருதுன்னீங்களே, படிங்க."

"தெரியலண்ணே, ஓக்கே அமுக்கிட்டேன்."

"ஐயையோ, ஏன்லா அமுக்கினீங்க? அவன் மெனக்கெட்டு எழுதி வச்சிருக்கான், ஒரு வார்த்த படிக்கக்கூடாதா?"

கத்திவிட்டுத் தாமே தணிவார். கணினியில் தங்கிப்போன பழைய நகலை அழிக்கச் சொல்வார். "பழசத் தொடச்சி விடுங்க, புதுசு தானா வரும்." பாதித் தொல்லை இதிலேயே தீர்ந்துவிடும்.

கிள்ளான் பஸ் நிலையத்துக்கு எதிரே தெய்வானையக்காவின் தேத்தண்ணிக் கடை. கிள்ளான் பக்கம் வந்தால் அங்கேதான் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்கும் ஒரு வடையும். அதிலும் ஒரு விசித்திரம்: முன்னால் இருக்கும் நாற்காலிகள் காலியாகக் கிடந்தாலும், தூணுக்குப் பின்னால் போய் முதுகைக் காட்டித்தான் உட்காருவார். வராமலும் இருக்க முடியவில்லை, அந்த அம்மாள் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை, பாவம்.

காரணம் இரண்டு தீபாவளிக்கு முந்தியது. பண்டிகைக்கு ஊர் போகும் கூட்டம் கவுண்டரில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, டிக்கெட் புரோகிராம் திறக்கமாட்டேன் என்று முரண்டு பிடித்தது. அது நம்பத்தக்கதுதான் என்று சொல்லும் சர்டிபிகேட் முந்தின நாளோடு காலாவதியாகியிருந்தது. மாற்ற வேண்டியது தலைமை அலுவலகம்; அங்கே போனை எடுப்பார் இல்லை. குகன் கணினியின் தேதியை ஒரு நாள் பின்னால் தள்ளினார். கணினி இன்னும் முந்தின நாள்தான் என்று நம்பியது, புரோகிராம் திறந்துகொண்டது. கூட்டம் கைதட்டியது. "மத்தியானம் வந்து சரி பண்ணிடறேன்லா," என்று கவுண்டரில் இருந்த புனிதாவிடம் சொல்லிவிட்டுப் போனவர், வேறு வேலையில் அதைச் சுத்தமாக மறந்தார்.

அந்த வரிசையில் தெய்வானையக்காவும் நின்றிருந்தார். அண்ணன் தம்புசாமி பினாங்கு ஆஸ்பத்திரியில். கைவசம் இருந்த முறுக்கு ஆர்டரைக் கொடுத்துவிட்டு மறுநாள் காலை போகலாம் என்று டிக்கெட் கேட்டார். புனிதா வழக்கம்போல 'நாளை' என்ற பட்டனைத் தட்டினாள். கணினிக்கு நாளை என்பது அன்றைய தினம்தானே! டிக்கெட்டில் அன்றைய தேதியே விழுந்தது. மற்றவர்கள் பார்த்துவிட்டு வந்து மாற்றிக்கொண்டார்கள். இவர் மடித்துப் பைக்குள் வைத்தவர், மறுநாள் பஸ்ஸடியில்தான் பிரித்தார். "அக்கா, இது நேத்து டிக்கெட்டுக்கா," என்றார் டிரைவர். பஸ்ஸில் இடமில்லை, அடுத்ததிலும் இல்லை. எப்படியோ ஒன்றைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் முகத்தைத் துணி மூடியிருந்தது. "தெய்வான வந்துட்டாளா?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

காரியம் முடிந்து வந்து குகனிடம்தான் முதலில் அழுதார். "எல்லாம் என் தப்புதான் தம்பி. ஒரு தேதியப் பாக்கத் துப்பில்ல எனக்கு." குகனுக்கு உண்மை வாய் வரை வந்தது. வாயிலேயே நின்றுவிட்டது. அன்றிலிருந்து அந்த அம்மாள் கரண்டு பில், கிளினிக் அட்டை, தேதி உள்ள காகிதம் எது வந்தாலும் அடுத்தவர் கையில் கொடுத்துத்தான் படிக்கச் சொல்வார். அதிலும் குகன் வந்துவிட்டால் வேறு ஆள் தேடுவதில்லை. சொல்லாமல் விட்டது வளர்ந்துகொண்டே போனது.

போன வாரம் அதே கவுண்டரில் அதே கோளாறு. சர்டிபிகேட் மறுபடியும் காலாவதி. வெளியே வரிசை. "அன்னிக்கி செஞ்ச மாதிரி தேதியத் தள்ளி விடுங்கண்ணே, அஞ்சு நிமிஷ வேலதானே," என்றாள் புனிதா. அவளுக்குத் தெய்வானையக்கா கதை தெரியாது.

"தேதிமேல கை வைக்கமாட்டேன்."

"கூட்டம் கத்துதுண்ணே!"

"கத்தட்டும். பழைய டிக்கெட் புக்க எடு. கையால எழுது."

தலைமை அலுவலகம் சரிசெய்யும்வரை குகன் அங்கேயே நின்றார். "கம்ப்யூட்டர் ஆளாம், ஒண்ணுத்துக்கும் லாயக்கில்ல," என்று ஒருவர் காதுபடவே சொன்னார். அதையும் வாங்கிக்கொண்டார்.

வேலை முடிந்து, திரை மூலையையும் கடிகாரத்தையும் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். தூணுக்குப் பின்னால் உட்காருவதற்குள் தெய்வானையக்கா கையால் எழுதிய டிக்கெட் ஒன்றை நீட்டினார்.

"அண்ணனுக்குத் தெவசம் வருது தம்பி. நானும் வரிசையில நின்னுதான் வாங்கினேன். தேதி சரியான்னு பாரு. என் கண்ண நம்பறத விட்டுட்டேன்."

தேதி சரியாகத்தான் இருந்தது. சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வடையைத் தின்றுவிட்டுப் போயிருக்கலாம். எத்தனையோ தடவை அப்படித்தான் போனார்.

"அக்கா, அன்னிக்கி… உங்க கண்ணு மேல தப்பில்லக்கா. கம்ப்யூட்டர் தேதிய நாந்தான் ஒரு நாள் பின்னால தள்ளினேன். திருப்பி வைக்க மறந்துட்டேன். அதான் உங்க டிக்கெட்டுல தப்பா விழுந்துச்சு. இத்தன நாளா சொல்ல தைரியம் இல்ல."

தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது. குவளையைக் கீழே வைத்தார். ஏசுவார் என்று குகன் தலையைக் குனிந்துகொண்டார். ஏசினால் தேவலாம் என்றுகூட இருந்தது. தெய்வானையக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, டிக்கெட்டை அவர் விரல்களுக்கு நடுவிலிருந்து மெல்ல உருவினார். கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தேதியின்மேல் விரலை வைத்து, வாய்க்குள் முணுமுணுத்தபடி தாமே படிக்கத் தொடங்கினார்.