முதல் பெட்டி ஏறும்வரை

பண்டமாரானில் நாங்கள் குடியிருந்த வீடு கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் சாலையை ஒட்டி இருந்தது. கப்பல் வந்துவிட்டால் கண்டெய்னர் லோரிகளின் வரிசை துறைமுக வாசலில் தொடங்கி எங்கள் வீட்டையும் தாண்டி நீளும். மணிக்கணக்கில் அசையாது. ஆனால் ஒரு லோரிகூட இன்ஜினை அணைக்காது. கொடியில் காயும் வெள்ளைச் சட்டையின் தோளில் கரி படியும். அதையாவது மறுபடி துவைத்துவிடலாம். அண்ணனின் சின்ன மகளுக்கு இழுப்பு இருந்தது. வரிசை நிற்கும் நாட்களில் அவளால் படுக்க முடியாது. தலையணைமேல் கையை ஊன்றி உட்கார்ந்தபடியே மூச்சு வாங்குவாள்.

அண்ணனும் அந்த வரிசையில் நிற்கும் லோரி ஒன்றைத்தான் ஓட்டினார். குடும்பத்தில் முதன்முதலாக, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் வரை படித்தவன் நான். துறைமுக வாசலில் உள்ளே போகும் வண்டிகளைப் பதிகிற வேலை கிடைத்திருந்தது.

"தம்பி, நீங்கதானே அந்தக் கேட்டுல உக்காந்திருக்கீங்க? அணைச்சிட்டு நிக்கச் சொல்லக் கூடாதா?" என்றார் அண்ணி.

வரிசையில் நடந்துபோய் ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் காலையில் ஷெட்டில் சூடம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டியைக் கிளப்புவார்கள். அப்படிக் கிளப்பிய இன்ஜினை அன்றைய முதல் கண்டெய்னர் பெட்டி வண்டியில் ஏறும்வரை அணைக்கக் கூடாது என்பது அவர்களிடையே கட்டுப்பாடு.

"தாலி கட்டுற நேரத்துல மேளத்த நிறுத்தச் சொல்றியே தம்பி," என்றார் ஒரு டிரைவர்.

"நீ போய் உன் ஆபீஸ் ஏர்கோன அணைச்சிட்டு உக்காரு லா. அப்புறம் நாங்க அணைக்கிறோம்," என்றார் பின்னால் இருந்தவர். சிரித்தார்கள். என் அறையில் ஏர்கோன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இரண்டு நாள் யோசித்துவிட்டு மறுபடி போனேன். "அண்ணே, பழத்த ஷெட்டுல நசுக்காதீங்க. கேட்டுகிட்ட வந்து நசுக்குங்க. சாமி கணக்கு அங்கேருந்து ஆரம்பிக்கட்டும். அதுக்கு முன்னாடி அணைச்சா குத்தமில்லையே?"

"அடேய், சாமிக்கே ஷிப்ட் மாத்துறான்டா இவன்!"

ஆனாலும் யோசித்தார்கள். யாராவது முதலில் செய்து காட்டினால் பார்க்கலாம் என்றார்கள். அண்ணன் செய்கிறேன் என்றார். அன்று வீட்டுக்கு வந்ததும், "பேட்டரிதான் பழசு. பாப்போம்," என்றார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் வரிசை எங்கள் வீட்டு வாசலில் நின்றபோது அண்ணன் இன்ஜினை அணைத்தார். அவரைப் பார்த்து முன்னும் பின்னும் இருந்தவர்களும் அணைத்தார்கள். சாலையில் நின்ற எனக்கு வீட்டுக்குள் ஓடும் மின்விசிறிச் சத்தம்கூடக் கேட்டது. அண்ணி சன்னலைத் திறந்தார். பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா!" என்று கையாட்டினாள்.

வரிசை நகர்ந்தது. அண்ணன் வண்டி கிளம்பவில்லை. சாவியைத் திருப்பத் திருப்ப இன்ஜின் முனகி அடங்கியது. பின்னாலிருந்து ஹாரன் அலறியது. அணைத்தவர்கள் எல்லாரும் பதறிப்போய் அவரவர் வண்டியைக் கிளப்பிப் பார்த்தார்கள். கடைசியில் முன்னால் நின்ற லோரி பின்வாங்கி வந்து, இரும்புக்கயிறு மாட்டி அண்ணன் வண்டியை இழுத்தது. ஒரு குலுக்கலில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. இரண்டு லோரிகளின் புகையும் ஒன்றாகத் திரண்டு, கறுப்பாக, திறந்திருந்த சன்னலுக்குள் போனது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அண்ணி கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். உதடு நீலம் பாரித்திருந்தது என்று பிறகு சொன்னார். அண்ணனால் கூடப் போக முடியவில்லை. வண்டியை நிறுத்தினால் மறுபடி கிளம்பாது.

"சாமி குத்தம்," என்றார்கள் டிரைவர்கள். அண்ணன் மறுத்துப் பேசவில்லை.

"பேட்டரின்னு சொல்ல வேண்டியதுதானே அண்ணே?" என்றேன், ஆஸ்பத்திரி வராந்தாவில்.

"போன வருசம் பேட்டரி மாத்துங்கன்னு மொதலாளிகிட்ட கேட்டவன் இப்ப எங்க இருக்கான்? சாவிய வாங்கி வேற ஆள்கிட்ட குடுத்துட்டாரு. அங்க நிக்கிற வண்டியில பாதி இப்படித்தான்டா. எல்லாருக்கும் தெரியும்."

அதன்பின் வரிசையில் யாரிடமும் இன்ஜினைப் பற்றி நான் பேசவில்லை. மேலதிகாரியிடம் பேசினேன். லோரிகளுக்கு நேரம் பிரித்துக் கொடுத்தால் வரிசையே நிற்காது என்றேன். பார்க்கலாம் என்றார். அவர் பார்க்கும்வரை பிள்ளை தாங்கமாட்டாள் என்று அண்ணி அவளை அழைத்துக்கொண்டு, துறைமுகப் புகை எட்டாத அம்பாங்கில் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். ஊசி மருந்தில்லாமல் தூங்குகிறாள் என்று சேதி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணனும் போனோம். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து பிள்ளை ஓடிவந்தாள். அண்ணி கையை நீட்டித் தடுத்தார்.

"டீசல் வாடை வருதுங்க. மொதல்ல குளிச்சிட்டு வாங்க, அப்புறம் தூக்கலாம்."

அண்ணன் காலையிலேயே குளித்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, வெளிக்குழாயடியில் உட்கார்ந்து சோப்பைத் தேய்க்க ஆரம்பித்தார்.