செல் இல்லாத குழி

திருமழிசைக்கு அப்பால் ஒரு தனியார் கல்லூரியில் முனைவர் பட்டத்துக்காக நான் உயிரை விட்டுக்கொண்டிருந்த காலம் அது. என் பிழைப்பே ஒரு கண்ணாடிச் சிப்தான். விரல் நகம் அளவு இருக்கும். அதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழி, குழிக்கு அடியில் முடியைவிட மெல்லிய உலோகக் கோடு. மாட்டின் ஒரே ஒரு செல்லைக் குழியில் உட்கார வைத்து உப்புக் கரைசலை ஒரு சொட்டு விட்டால், அது மிரண்டுபோய்த் தன்னிடமுள்ள அட்ரினலினைக் கக்கும். அது உலோகத்தில் பட்டு மின்சாரம் காட்ட, கணினித் திரையில் கோடு துள்ளும். பயந்தால் நம் நெஞ்சைப் படபடக்க வைக்கிறதே, அதே சரக்குதான்.

செல்லுக்காக விடிந்ததும் கள்ளிக்குப்பத்திலிருந்து கிளம்பி, பூந்தமல்லியில் மாட்டுக்கறிக் கடைக்குப் போவேன். சிறுநீரகத்தின் மேல் ஒட்டியிருக்கும் சுரப்பியை ஐஸ் பெட்டியில் வாங்கிக்கொள்வேன். கடைக்காரருக்கு என்னைப் பார்த்தாலே சிரிப்பு.

"இன்னாமா, இன்னிக்கும் அந்தக் கயிவுதானா? ஒரு கிலோ கறி வாங்கினு போய் ஊட்ல கொயம்பு வையேன்!"

அந்தச் செல்லை வைத்துத்தான் என் கைடு பேர் வாங்கினார். ஆனால் ஆயுத பூஜையன்று என்னை ஆய்வகத்தின் வாசலிலேயே நிறுத்தினார்.

"மாட்டுக்கறி தொட்ட கைம்மா. பூஜை முடியட்டும், வெளியவே நில்லு."

கழற்றிப் போட்ட செருப்புகளோடு செருப்பாக நின்றேன். கண்ணாடிக் கதவு வழியே எல்லாம் தெரிந்தது. மஞ்சளையும் சந்தனத்தையும் குழைத்து மைக்ரோஸ்கோப்புக்கு ஒரு பொட்டு, கணினிக்கு ஒரு பொட்டு. அப்புறம், அட கொடுமையே, மிச்சமிருந்த என் சிப்புகளை எல்லாம் தட்டில் அடுக்கி ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தார். கதவைத் தட்டிக் கத்தினேன். மணிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

கழுவிப் பார்த்தேன், மஞ்சள் போகவில்லை. மறுநாள் கரைசலை விட்டதும் கோடு என்றும் இல்லாத உயரத்துக்கு எகிறியது. சந்தேகப்பட்டு, செல்லே வைக்காமல் வெறும் குழியில் விட்டேன். அப்போதும் எகிறியது. அட்ரினலினைப் போலவே மஞ்சளும் அந்த உலோகத்தில் மின்சாரம் காட்டும். கைடிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"சாமி பொட்டு மேல பழி போடுறியா? உன் கையில இத்தன நாள் வராத ரிசல்ட் இப்பதான் வந்திருக்கு. இதையே எழுது. இல்லன்னா வேற கைடைப் பாத்துக்க."

புதிய சிப் செய்ய நிதி இல்லை. என் பதிவுக் காலமும் முடியப்போகிறது. பொய்யை எழுதினால் பட்டம், எழுதாவிட்டால் தெரு.

அந்த வாரமே நிதி கொடுப்பவர்கள் அனுப்பிய நிபுணர் வந்தார். "செஞ்சு காட்டும்மா" என்றார் கைடு, பல்லெல்லாம் தெரிய. நான் செல் வைக்கவில்லை. வெறும் குழியில் சொட்டு விட்டேன். கோடு எகிறியது.

"ஒரே செல் இவ்வளவு கொட்டுதா?" என்று நிபுணர் வியந்தார்.

"எங்க டெக்னிக் அப்படி சார்" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. நானும் தடுக்கவில்லை. பெருமை நன்றாக ஏறட்டும் என்று காத்திருந்தேன். மூச்சு வாங்க அவர் நிறுத்தியபோது சொன்னேன்.

"சார், இதுல செல்லே இல்ல. குனிஞ்சு பாருங்க. நீங்க பாத்தது இவர் வெச்ச மஞ்சப் பொட்டு."

நிபுணர் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார். நிமிரவே நேரமாயிற்று. கைடின் கழுத்து நரம்பு துடித்தது. உள்ளங்கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். இத்தனை வருஷம் மாட்டின் செல்லில் தேடிய அட்ரினலினை அவர் முகத்திலேயே பார்த்தேன். ஆனந்தமாக இருந்தது. இன்று நினைத்தாலும் அப்படித்தான் இருக்கிறது.

நிதி நின்றது. என் பட்டமும் அதோடு போயிற்று. போகும் என்று தெரிந்துதான் செய்தேன். இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மருந்து கம்பெனியின் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். போன மாதம் பூந்தமல்லிப் பக்கம் போனபோது கறிக்கடைக்காரர் அடையாளம் கண்டுகொண்டார்.

"இன்னாமா, டாக்டராயிட்டியா?"

"இல்ல அண்ணாத்தே. ஒரு கிலோ கறி குடு."