சிஸ்டர் அவித்த சாணைக்கல்

முப்பத்தைந்து வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக ஓடியாடிவிட்டு ஓய்வு பெற்று வந்தவருக்கு, வீட்டில் ஒரு வேலையும் காலியாக இல்லை. தெருவில் பால்காரர் முதல் பக்கத்து வீட்டுக் குழந்தைவரை எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். அப்படிக் கூப்பிட முடியாத ஒரே ஆள் கணவர். அவர் சாயங்காலங்களில் வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுக்கும் வாத்தியார். மனைவி ஷிஃப்ட் ஷிஃப்டாக வேலைக்குப் போன காலத்தில் சமையலறை அவர் கைக்குப் போயிற்று. போனது போனதுதான், திரும்பி வரவில்லை.

நாற்பது படுக்கை வார்டைக் கண் அசைவில் கட்டி மேய்த்தவர், சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி வேளாவேளைக்குத் தட்டு வருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்? சிஸ்டருக்கு அழுகை அழுகையாக வந்தது. சமையலறையில் தனக்கென்று ஒரு வேலை வேண்டும், அதை வாத்தியாரே வாய் திறந்து கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

ஒருநாள் வாத்தியார் குளிக்கப் போன சமயம் பார்த்து உள்ளே நுழைந்து தக்காளியில் கை வைத்தார். கத்தி தக்காளித் தோலில் வழுக்கி விரலில் இறங்கியது. ஈரத் தலையோடு ஓடிவந்த வாத்தியாருக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஊருக்கெல்லாம் தையல் போட்ட கை, ஒரு தக்காளிகிட்ட தோத்துப்போச்சே! போம்மா, போய் டிவி பாரு."

சிஸ்டர் போனார். ஆனால் டிவி பார்க்கவில்லை, விரலைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காயத்தின் ஓரம் நேராக இல்லை, பிய்த்துக்கொண்டு கிடந்தது. கூரான எதுவும் இப்படி வெட்டாது. எத்தனை ஆயிரம் காயம் பார்த்த கண் அது! குற்றம் கையில் இல்லை, கத்தியில் என்று அந்த நிமிஷமே தெரிந்துபோயிற்று. வீட்டிலிருந்த நாலு கத்தியும் மொட்டை. வாத்தியார் இத்தனை வருஷமாகக் காய்கறியை நறுக்கவில்லை, அமுக்கிக் கொன்றுகொண்டிருந்தார்.

மறுநாளே ஹார்டுவேர் கடைக்குப் போனார். கடைக்காரர் முதலில் பெட்டியோடு வரும் பெரிய செட்டைக் காட்டினார். விலையைக் கேட்டதும் சிஸ்டர் பர்ஸை மூடிக்கொண்டார். அப்புறம்தான் ஒரு மூலையிலிருந்து, ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் வழவழப்புமாக ஒரு சாதாரணச் சாணைக்கல் வெளியே வந்தது. சல்லிசான விலை.

"அரை மணி நேரம் தண்ணில ஊறப் போடுங்க சிஸ்டர். அது போதும்," என்றார் கடைக்காரர்.

சிஸ்டருக்கா அது போதும்? எத்தனை பேர் கை பட்ட கல்லோ, அதில் சமையல் கத்தியைத் தேய்ப்பதா? வாத்தியார் காய் வாங்கப் போயிருந்த நேரத்தில் கல்லைக் குக்கரில் வைத்து ஐந்து விசில் விட்டார். ஆறினபின் திறந்து பார்த்தால், கல் குறுக்கே இரண்டு துண்டாகக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து வாத்தியாரும் பையோடு வந்து நின்றார்.

"என்ன அவிச்ச?"

"கல்லு."

வாத்தியார் குக்கருக்குள் எட்டிப் பார்த்தார். "வெந்துடுச்சா, இல்ல இன்னும் ரெண்டு விசில் விடணுமா?"

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடிப்பதற்குள், சிஸ்டர் உடைந்த கல்லில் பெரிய பாதியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம் இருந்தது, அது தாராளம். வாஷிங் மெஷின் மூடிமேல் ஈரத் துணியை நாலாக மடித்துப் போட்டு, கல் நகராதபடி அதன்மேல் வைத்தார். பக்கத்தில் தண்ணீருக்கு ஒரு காலி ஐஸ்கிரீம் டப்பா. வாத்தியாரின் பழைய தோல் பெல்ட்டை ஒரு பலகையில் ஆணி அடித்து வைத்தார். அவ்வளவுதான் பட்டறை.

இரண்டு நாள் தேய்த்தும் கத்தி அசைந்துகொடுக்கவில்லை. ஒரு இழுப்பில் கத்தி தூக்கும், மறு இழுப்பில் படுக்கும். சிஸ்டருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்த வாத்தியாருக்குக் கணக்குப் புத்தி போகவில்லை.

"கத்திக்கும் கல்லுக்கும் நடுவுல பதினஞ்சு டிகிரி இருக்கணும். செங்கோணத்துல ஆறுல ஒரு பங்கு. இரு, பாகைமானி எடுத்துட்டு வர்றேன்."

பதினைந்து டிகிரி என்றதும் சிஸ்டரின் கை நின்றது. மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க, தோலுக்குள் மட்டும் போடும் டெஸ்ட் ஊசி இருக்கிறதே, அது அப்படித்தான் போகும், ஏறக்குறையப் படுத்த வாக்கில். அதை எத்தனை தடவை போட்டிருப்பார் என்று அவருக்கே தெரியாது. கல்லை ஒரு முன்கையாக நினைத்துக்கொண்டு கத்தியைச் சாய்த்தார். வாத்தியார் குனிந்து பாகைமானியை வைத்துப் பார்த்தார். பதினைந்து. ஒரு இழுப்பு இழுக்கச் சொல்லி மறுபடி வைத்தார். பதினைந்து. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் தடவையும் பார்த்தார். அதே பதினைந்து.

"ம்," என்றார் வாத்தியார். பாகைமானியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சொரசொரப்பில் தேய்த்து, விளிம்பில் பிசிறு விரலுக்குத் தட்டுப்பட்டதும் கத்தியைத் திருப்பி, பிறகு வழவழப்பில் தேய்த்து, கடைசியில் பெல்ட்டில் இழுத்துவிட்டார். அன்றைக்குத் தக்காளி வாய் பேசாமல் துண்டு துண்டானது. சாயங்காலத்துக்குள் மூன்று கத்தி தேறிவிட்டது. நாலாவது வாத்தியாரின் சொந்தக் கத்தி, மரப்பிடி போட்டது. அதன்மேல் யார் கையும் படக் கூடாது. இரண்டு நாள் அதை வைத்துக்கொண்டு அவர் மூச்சைப் பிடித்து அமுக்கினார். ஓரக்கண் மட்டும் மற்ற மூன்றின்மேல் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் கத்தியைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு பால்கனிக்கு வந்து நின்றார்.

"இதையும் கொஞ்சம் பாரேன்."

சிஸ்டர் நிமிரவே இல்லை. "எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"ரொம்ப நாளாவே இருக்கு."

"ஏன் முன்னாடியே வரல?"

"பயம்தான்," என்றார் வாத்தியார்.

அன்று மத்தியானம் சமையலறையிலிருந்து கத்திச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, அப்புறம் நின்றுவிட்டது. டப்பாக்களை இழுக்கும் சத்தம் வந்தது. விரலைக் கிரலை வெட்டிக்கொண்டாரா என்று சிஸ்டர் பதறி ஓடினார். வாத்தியார் தண்ணீர்க் குழாய் ஓரம் இருந்த தன் டப்பாக்களை எல்லாம் தரையில் இறக்கி வைத்துவிட்டு, மேடையில் ஒரு முழம் இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பால்கனியில மழை அடிக்கும். கல்லை இங்க கொண்டுவந்து வெச்சுக்கோ," என்றார். கொஞ்ச நேரம் துடைத்த இடத்தையே துடைத்தார். "இனிமே நறுக்குறது பூரா நீ பாத்துக்கோ. என்னால உன் அளவுக்கு முடியாது. நான் அடுப்பைப் பாக்கறேன்."

முதல் வேலைக்கான ஆர்டர் கையில் வந்த அன்றுகூட சிஸ்டருக்கு இவ்வளவு சந்தோஷம் இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"எப்ப டியூட்டில சேரணும்?"

"இப்பவே லேட்டு," என்று வாத்தியார் வெங்காயக் கூடையை அவர் பக்கம் நகர்த்தினார்.