குடலுக்கு லீவு

என் மனைவிக்கு வலி வந்தால் முதலில் பேச்சு நிற்கும். பிறகு வலது கை அடிவயிற்றுக்குப் போகும். அடுப்படியில் நின்றிருந்தால் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவாள். வலி போனதும் விட்ட இடத்திலிருந்து வெங்காயத்தை நறுக்குவாள். எழுபதுகளின் கடைசியில் இது தொடங்கியது. சூடு என்றார்கள். அமீபியா என்றார்கள். பிறகு ஒருவர் குடலில் டி.பி. என்று சொல்ல, ஒரு வருடத்துக்கு மேல் அந்த மாத்திரைகளை விழுங்கினாள். சிறுநீர் சிவந்ததே தவிர வலி குறையவில்லை. பேருந்தில் இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் மூன்றாவதாக அவளை உட்காரவைக்கலாம் என்கிற அளவுக்கு இளைத்தாள்.

வெளிநாட்டில் படித்துவிட்டு மதுரைக்குத் திரும்பியிருந்த ஒரு மருத்துவர், படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது டி.பி. இல்லை என்றார். சிறுகுடல் முடிகிற இடத்தில் சுவர் புண்ணாகித் தடித்து, வழி குறுகியிருந்தது. அடியோடு குணமாக்கும் மருந்து கிடையாது. இன்னும் குறுகினால் அந்தத் துண்டை வெட்டி எடுக்க வேண்டும். வெட்டினாலும் பக்கத்திலேயே மறுபடி வரலாம். வெட்டுவதைத் தவிர்க்க ஒரு வழி இருப்பதாகச் சொன்னார்.

"கொஞ்ச வாரத்துக்குக் குடலுக்கு லீவு குடுத்துப் பாப்போம்."

லீவு என்றால், சோறு, இட்லி, பால், மோர், பழம் எதுவும் கிடையாது. ஒரு வெள்ளைப் பவுடர் மட்டும். உடம்பு செரித்து முடித்த உணவு எப்படி இருக்குமோ, அந்த நிலைக்கு உடைத்து வைத்தது. தண்ணீரில் கரைத்து, நாள் முழுக்க வாய் வாயாகக் குடிக்க வேண்டும். மேல் குடலே அதை உறிஞ்சிக்கொள்ளும். புண்பட்ட இடத்துக்கு வேலை இராது. அப்போது இங்கே அது கிடைக்கவில்லை. சிங்கப்பூரில் வேலையில் இருந்த என் மைத்துனர், ஊருக்கு வருகிறவர்களிடம் டப்பா டப்பாவாகக் கொடுத்தனுப்பினார். நிலவுக்குப் போகிறவர்களுக்காக யோசித்த சாப்பாடு என்று மருத்துவர் சொன்னதை எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். செய்திப் பிரிவில் எனக்கு எதிரில் உட்காரும் நண்பர் விடவில்லை.

"தங்கச்சி எப்ப மாப்ள ராக்கெட் ஏறுது? முதப் பக்கத்துல எடம் ஒதுக்கணும்ல?"

டப்பாவைத் திறந்ததும் நனைந்த கோணியும் பழைய வைட்டமின் மாத்திரையும் கலந்த வாடை வந்தது. குளிரக் குளிரக் குடித்தால் வாடை தெரியாது என்றார் மருத்துவர். எங்களிடம் குளிர்பெட்டி இல்லை. கரைத்த செம்பை மண்பானைத் தண்ணீருக்குள் இறக்கி வைத்தோம். வாடை தெரிந்தது.

நான் வெளியே சாப்பிட்டுக்கொள்கிறேன், நீ அடுப்படிப் பக்கமே போகாதே என்று சொல்லிப் பார்த்தேன்.

"எழவு வீட்லதாங்க அடுப்பு எரியாது. நான் இருக்கேன்ல?"

சமைத்தாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்புப் பார்ப்பது அவள் வழக்கம். அந்த ஒரு சொட்டாவது உண்டா என்று மருத்துவரிடம் கேட்கச் சொன்னாள். கேட்டேன். கூடாது என்றார். அன்று முதல் குழம்பை முகர்ந்து உப்புப் போட்டாள்.

"உப்பு எப்படி இருக்கு?"

"சரியா இருக்கு."

"பொய்யி."

முதல் சில நாட்களிலேயே வலி குறைந்தது. எடை கூடக் கொஞ்சம் ஏறியது. ஆனால் பவுடர் இறங்கவில்லை. காலையில் கரைத்தது மாலையில் பாதி மிஞ்சியது. ஒரு வாய் குடித்துவிட்டு, வாசல் தூணைப் பார்த்தபடி அடுத்த வாய்க்காகத் தன்னைத் தயார்ப்படுத்திக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருப்பாள். சில முறை வாந்தி எடுத்தாள். பசி போய்விட்டது, வாய்தான் எதையாவது மெல்லக் கேட்கிறது என்றாள். பார்க்க வருகிறவர்கள் சாத்துக்குடியும் ரொட்டியுமாக வந்தார்கள். வந்தவர்களிடம் அதையெல்லாம் வாங்கி வைத்து, போகும்போது அவர்கள் பிள்ளைகளுக்கே கொடுத்தனுப்பினோம். "முடியலங்க. கத்தியே வச்சிரச் சொல்லுங்க" என்று அவள் ஒரு காலையில் சொன்னபோது, திருமங்கலத்தில் இருக்கும் என் அக்காவுக்கு ஆளிடம் சொல்லி அனுப்பினேன்.

அக்கா பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, செம்பை முகர்ந்து பார்த்தாள்.

"இதையாடா குடிக்கச் சொல்றாரு? மாட்டுக்குக் கலக்குற தவிடு கூட மணக்கும்டா."

"அதுதான் மருந்து, அக்கா."

"சோறுங்கிற, மருந்துங்கிற. ரெண்டுல ஒண்ணைச் சொல்லு." பிறகு என் மனைவி பக்கம் திரும்பினாள். "நீ போய்ப் படு தாயி. நான் பாத்துக்கிறேன்."

அக்கா வந்த பிறகு செம்பில் எதுவும் மிஞ்சவில்லை. நான் வேலை முடிந்து வரும்போது கழுவிக் கவிழ்த்திருக்கும். என்ன செய்தாய் என்று கேட்டேன். "பிள்ளைக்கு ஊட்டுற மாதிரி ஊட்டணும். அம்புட்டுத்தான்" என்றாள். மருத்துவரிடம் சொன்னேன், அவருக்கும் மகிழ்ச்சி. கொஞ்ச நாளில் வலி திரும்பியது. முதலில் மாலையில் மட்டும், பிறகு எந்நேரமும். பவுடர் முழுவதும் உள்ளே போகிறது, எடை மட்டும் இறங்குகிறது. மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், பழைய படத்தை மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வேறு ஏதாவது சாப்பிடுகிறாளா என்று கேட்டார். இல்லை என்றேன். அவளும் இல்லை என்றாள்.

ஒரு நாள் அச்சகத்தில் மின்சாரம் போய், திரும்ப வர நேரமாகும் என்றார்கள். மதியம் வீட்டுக்கு வந்தேன். படியில் ஏறும்போதே ஏலக்காய் மணந்தது. அடுப்படியில் அக்கா, சுண்டக் காய்ச்சிய பாலில் பனங்கற்கண்டைத் தட்டிப் போட்டு, அதில் பவுடரைக் கரைத்துக்கொண்டிருந்தாள். கட்டி தட்டாமல் இருக்க வடிகட்டியில் வடித்தாள். கூடத்தில் என் மனைவி தம்ளருக்காகக் காத்திருந்தாள். என்னைப் பார்த்ததும், அக்காவிடம் ஒன்றும் சொல்லாதீர்கள் என்பதுபோல் தலையை இலேசாக ஆட்டினாள்.

நான் சொல்லிவிட்டேன். பால் கூடாது என்றேன். பாலைச் செரிக்கக் குடல் வேலை செய்யும், வேலை செய்தால் புண் ஆறாது, இத்தனை நாள் பட்ட பாடு வீண் என்றேன். குரல் உயர்ந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு ரேடியோ நின்றது.

அக்காவுக்குப் புரியவில்லை. பொய் சொல்கிறேன் என்று கூட நினைத்தாள்.

"பச்சப்புள்ள குடிக்கிறது பாலு. சாகக் கெடக்குறவன் வாயில விடுறதும் பாலு. அதுல போய் என்னடா கெடுதல்? நான் என்ன, கறிச்சோறா ஆக்கிப் போட்டேன்? உங்க டாக்டரு பவுடரை ஒரு கரண்டி கூடக் குறைக்கலையே நான்?"

உண்மைதான். அளவு கரண்டியால் தலைதட்டி, சொன்னபடி போட்டிருந்தாள். வெறுந்தண்ணீரில் கரைத்ததை ஒரு நோயாளிக்கு நீட்டுவதற்குத்தான் அவளுக்குக் கை வரவில்லை. எங்கள் பக்கத்தில் மாத்திரையைக்கூடப் பாலோடுதான் கொடுப்பார்கள்.

"மதினியை ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் கேட்டுக் குடிச்சேன்" என்றாள் என் மனைவி.

"நீ எங்க தாயி கேட்ட? நானாத்தானே கலந்தேன்" என்றாள் அக்கா. பாலை என்ன செய்வது என்று தெரியாமல் தம்ளரை அங்கும் இங்கும் மாற்றி வைத்தாள். கடைசியில் அதைக் குடிக்கவும் மனமில்லாமல், கொட்டவும் மனமில்லாமல், மூடி வைத்தாள். சாயங்காலம் அது திரிந்துபோயிருந்தது.

மருத்துவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். முதலிலிருந்து தொடங்க வேண்டும், விடாமல் செய்ய வேண்டும் என்றார். வீட்டில் ஒன்றரை டப்பா இருந்தது. சிங்கப்பூருக்குத் தந்தி கொடுத்தேன். புறப்பட இருந்தவர் பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டார், வேறு ஆளைத் தேடுகிறேன் என்று பதில் வந்தது. பம்பாயில் கிடைக்குமா என்று எங்கள் அலுவலகத்து டெலிபிரிண்டர்காரரை விட்டுக் கேட்டேன். அங்கே ஒரு கடைக்காரர், அது என்ன என்று திருப்பிக் கேட்டாராம். வெளியூர்ச் சேதி எதுவானாலும் மேசைக்கு வந்துசேரும் என்று பழகிய எனக்கு, ஒரு டப்பாவை வரவழைக்க வழி தெரியவில்லை.

அவள் வெறுந்தண்ணீரில் கரைத்ததையே மறுபடி குடித்தாள். அக்கா போகவில்லை, எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாய்க்கும் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றாள். சமையல் மணம் அவளுக்கு வராதபடி அடுப்பு வேலையெல்லாம் கொல்லையில் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் நடந்தது. பவுடர் தீர்வதற்கு முன்பே வயிறு உப்பிக் கல்லாகிவிட்டது. பச்சையாக வாந்தி எடுத்தாள். ஆட்டோவில் அவள் தலை என் தோளில் மோதிக்கொண்டே வந்தது. வழி முழுக்க அடைத்துவிட்டது, இனி வெட்டாமல் முடியாது என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றுவதற்கு முன் அவள் என் கையைப் பிடித்தாள்.

"அந்தப் பால் இல்லேன்னா நான் குடிக்கிறதையே அப்பவே விட்டிருப்பேங்க. மதினிகிட்டச் சொல்லுங்க."

நான் தலையாட்டினேன். அதற்குள் ஸ்ட்ரெச்சர் நகர்ந்துவிட்டது.

அறுவை அறைக்குள் போக இருந்த எங்கள் மருத்துவரை வாசலில் மறித்துக் கேட்டேன்: பால் கலக்காமல் இருந்திருந்தால் இது நேராமல் இருந்திருக்குமா? அவர் கையுறை போடாத தன் கைகளைப் பார்த்தார். "சொல்ல முடியாது" என்றார். நேராமல் இருந்திருக்கலாம், நேர்ந்தும் இருக்கலாம். வெறும் பவுடரை அவள் முழுக்கக் குடித்திருப்பாளா என்பதும் தெரியாது. அவருக்குப் பின்னால் கதவு ஆடி நின்றது.

தாழ்வாரத்து பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும், என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"என்னாலதானாடா தம்பி?"

"சொல்ல முடியாதுன்னு சொல்றாரு."

"அப்படின்னா?"

என் மனைவி சொல்லச் சொன்னதைச் சொன்னேன். அக்கா அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

"சொல்ல முடியாதுன்னா என்னடா அர்த்தம்? ஆமான்னா ஆமான்னு சொல்லட்டும். இல்லைன்னா இல்லைன்னு சொல்லட்டும். படிச்சவருதானே?"

எங்களுக்கு எதிர்ச் சுவரில், சத்தம் போடாதீர் என்று எழுதியிருந்தது. அதை அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினாள். படித்து முடித்து, மறுபடி முதலிலிருந்து படித்தாள். ஆர்டர்லி கதவைத் திறந்து, நோயாளியோடு வந்தவர்கள் யார் என்று கேட்டபோது, எங்கள் இருவராலும் உடனே எழுந்திருக்க முடியவில்லை.