கட்டிலுக்கடியில் கிடந்த பெட்டிகள்

ஆமத்தூரில் எங்கள் அடுப்படிமேல் பக்கத்து வீட்டுப் புளியமரம் சாய்ந்தபோது நானும் அத்தையும் கோயிலுக்குப் போயிருந்தோம். கோடைமழை, கூடவே பேய்க்காற்று. திரும்பி வந்தால் கூரைத் தகரம் தெருவில் கிடக்கிறது, பாதிச் சுவரைக் காணோம், மிக்சி இருந்த இடத்தில் புளியங்கொப்பு. அத்தை, அதாவது என் மாமியார், முதலில் கேட்டது இதுதான்: "இம்புட்டுப் புளியும் நம்மளுக்கா, அவுகளுக்கா?"

வீட்டுக்கடன் வாங்கியபோது எங்கள் தலையில் கட்டிய இன்சூரன்ஸ் ஒன்று இருந்தது. அது கிடைத்தால்தான் அடுப்படி எழும்பும். அதுவரை முற்றத்தில் தார்ப்பாய்க்குக் கீழே சமையல். காற்றடித்தால் சாம்பாரில் மண். சில நாளிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

சேதத்தைப் பார்க்க மதுரையிலிருந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். விறைப்பான ஆள். காபி வேண்டாம், தண்ணீர் போதும் என்றதிலேயே அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. சுவரைத் தட்டினார், அளந்தார், படம் எடுத்தார். கடைசியில், "வீட்டுல வெடிப்பொருள் எதுவும் வைக்கலையே? வச்சிருந்தா கிளைம் சிக்கலாயிடும்" என்றார்.

"ஐயையோ, அதெல்லாம் கிடையாது சார்!"

நான் பொய் சொல்லவில்லை. வெடிப்பொருள் என்றால் என் மனதில் வருவது விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுக் கம்பெனிகளில் இருக்கும் வெடிமருந்து அறைதான். என் கணவர் பட்டாசுக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். தீபாவளி சீசனில் போனஸோடு பட்டாசுப் பெட்டிகளும் வரும். வெடித்தது போக மிச்சம் கட்டிலுக்கடியில் போகும். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் ஒரு பெட்டி கொடுத்துத்தான் அனுப்புவோம். எங்களுக்கு அது வெற்றிலை பாக்கு மாதிரி.

சர்வேயர் பைக்கில் ஏறப்போனார். உள்ளேயிருந்து அத்தை ஓட்டமாக வந்தார், கையில் பட்டாசுப் பெட்டி.

"காபியும் குடிக்க மாட்டேன்னுட்டீக. இதையாவது பிள்ளைகளுக்குக் கொண்டுபோங்க தம்பி."

வெடிப்பொருளே கிடையாது என்று அப்போதுதான் சொல்லியிருந்தேன். கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன். மருமகள் கஞ்சத்தனம் பண்ணுகிறாள் என்று அத்தைக்குத் தோன்றியிருக்க வேண்டும். "சும்மா வச்சுக்கோங்க. கட்டிலுக்கடியில இன்னும் எம்புட்டோ கெடக்கு!"

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கைக்குட்டையால் அதன்மேல் இருந்த தூசியைத் துடைத்துத் தோள்பைக்குள் வைத்தார். பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

வேலை முடிந்து வந்த கணவர் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்தார். கிளைம் போச்சு, நாளைக்கே வந்து கட்டிலுக்கடியில் குனிந்து பார்க்கப்போகிறார்கள் என்று புலம்பினார். அன்று சாயங்காலமே மொத்தத்தையும் தெருவில் வைத்துக் கொளுத்தினோம். பக்கத்து வீட்டம்மா வாசலுக்கு வந்து, "எங்க மரம் விழுந்ததுக்கு வெடி போட்டுக் கொண்டாடுறீகளாக்கும்?" என்று கேட்டுவிட்டுக் கதவை அறைந்து சாத்தினார்.

மறுநாள் அதே பைக் வந்து நின்றது. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "சார், உள்ள வந்து பாருங்க. ஒரு கம்பி மத்தாப்புகூட கிடையாது."

அவர் முகம் தொங்கிப்போனது. "அடடா, ஒண்ணுகூட இல்லையா?"

பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "ரிப்போர்ட்டை நேத்தே நல்லபடியா அனுப்பிட்டேன்மா. மரம் விழுந்ததுக்கும் தீபாவளிப் பெட்டிக்கும் என்ன சம்பந்தம்? வியாபாரத்துக்கு ஸ்டாக் வச்சிருக்கீங்களான்னுதான் கேட்டேன். வீட்டுல ரெண்டு பிள்ளைங்க. ஒரு பெட்டிக்கு அடிச்சுக்கிறாங்க. சாத்தூர்ல ஒரு வேலை இருந்துச்சு, போற வழியில இன்னொண்ணு கேட்கலாம்னு..."

அத்தை என்னைப் பார்த்த பார்வையில் மிச்சச் சுவரும் விழுந்திருக்கும்.

அடுப்படி எழும்பிவிட்டது. சாம்பாரில் மண் இல்லை, நான் நிம்மதியாகச் சமைக்கிறேன். அத்தைக்குத்தான் ஆறவில்லை. "வாய்விட்டுக் கேட்ட மனுசன வெறுங்கையோட அனுப்பிட்டியே" என்று பரிமாறும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுவார். இந்த சீசனில் வந்த முதல் பெட்டியை அந்தத் தம்பிக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறார். அவர் இங்கே வர வேண்டுமென்றால் இன்னொரு மரம் விழ வேண்டும் அத்தை என்றேன்.

அன்றிலிருந்து காற்று அடிக்கும்போதெல்லாம் வாசலுக்குப் போய், பக்கத்து வீட்டில் மிச்சமிருக்கும் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்.