எதிரணிப் பெஞ்சுக்குப் பின்னால் டார்லா

“தம்பி, வளையம் அசையலை. உன் முட்டிதான் அசையுது.”

பந்தோடு நிற்கும் எதிரணிப் பையன் குனிந்து தன் முட்டியை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறான். பிறகு எறிகிறான். பந்து வளையத்தில் இடித்து வேறெங்கோ போகிறது. டார்லா ஹோசெக் உப்புப் ப்ரெட்சல் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து, ஆணி அடித்து முடித்த தச்சரைப் போல நிதானமாக வாயில் போட்டுக்கொள்கிறாள்.

பகலில் அவள் டயர் கடைக் கல்லாவில் இருக்கிறாள். அங்கே அவள் பேசுவது யாருக்கும் காதில் விழாது. “என்னம்மா சொன்னீங்க?” என்று இரண்டு தடவை கேட்டுத்தான் பில் வாங்க வேண்டும். மிச்சம் பிடிக்கும் குரலை எல்லாம் சாயங்காலம் காஸ்பர்ட் கல்லூரிக் கூடைப்பந்து அரங்கில் செலவழிப்பாள். எதிரணிப் பெஞ்சுக்கு நேர் பின்னால் இருக்கும் நாற்காலி பல வருஷமாக அவளுடையது. தலைவர் பதவியில்கூட அத்தனை வருஷம் யாரையும் விட்டுவைக்க மாட்டார்கள்.

கேலிக்கும் அவளிடம் சட்டம் உண்டு. அம்மாவை இழுக்கக் கூடாது, நோயை இழுக்கக் கூடாது, பரீட்சையில் தோற்றவனிடம் பரீட்சையைப் பேசக் கூடாது. ஆட்டக்காரர்களைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிடுவாள். கோச்சை விடமாட்டாள். “சம்பளம் வாங்கறவன் வாங்கிக் கட்டிக்கணும்” என்பாள். இப்போது ஆடுகிற தம்பிகளும் காசு வாங்குகிறார்கள் என்று யாரோ எடுத்துச் சொன்னதற்கு, “பழகிப் போச்சு, விடு” என்றாள்.

அவளுக்கு மிகவும் பிடித்த எதிரி ஷெல்பர்ன் கல்லூரி. முக்கால் மணி நேரக் கார் தூரம். ஷெல்பர்ன்காரர்களுக்கும் டயர் தேய்கிறது, தேய்ந்தால் அவள் கடைக்குத்தான் வருகிறார்கள். அதனால் செய்திக்குப் பஞ்சமில்லை. அவர்களுடைய கோச் வெண்டல் ப்ரூயெட் தன் வீட்டு ஷெட்டின் கதவைத் திறக்க மறந்து காரைப் பின்னால் எடுத்த கதை, ஊரில் அவர் மனைவிக்கு அடுத்தபடியாக டார்லாவுக்குத்தான் தெரிந்தது. “வெண்டல், உங்க வீட்டு ஷெட்டுக் கதவு மூடியிருக்கறதே உனக்குத் தெரியலை. எங்க தடுப்பாட்டத்துல ஓட்டை எங்கேன்னு எப்படிப்பா தெரியும்?” அவருடைய ஆட்டக்காரர்களே துண்டால் வாயை மூடிக்கொண்டார்கள்.

ப்ரூயெட் பதில் பேசியதே கிடையாது. ஒரே ஒரு வருஷம் டார்லா பித்தப்பை ஆபரேஷனுக்குப் போய்விட்டாள். காலி நாற்காலியைப் பார்த்த ப்ரூயெட், அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தாராம். பிறகு, “நிம்மதியா இருக்குன்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க” என்றாராம். அதைக் கேட்டதும் டார்லா தையல் பிரியச் சிரித்தாள்.

அப்புறம்தான் காஸ்பர்ட்டுக்குப் பெரிய ஆசை வந்தது. சுற்றுவட்டாரக் கல்லூரிகளோடு ஆடிய சின்ன லீக்கை விட்டுவிட்டு, சமுத்திரக் கரை வரை நீண்டு கிடக்கும் பெரிய லீக்கில் சேர்ந்தது. டிவிப் பணம் கொட்டும் என்று கேக் வெட்டினார்கள். பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது: புதிதாக வந்தவர்களுக்கு முதல் சில வருஷங்கள் இலையில் பாதிதான் விழும். பழைய லீக்கை விட்டு வந்ததற்கு அபராதம் வேறு, பஸ்ஸில் போனவர்களுக்கு இனி விமானம் வேறு. ஓட்டையை அடைக்க வழி தேடியவர்கள் நாற்காலிகளைப் பார்த்தார்கள்.

டிக்கெட் அலுவலகத்திலிருந்து கெய்ட்லின் என்ற பெண் போன் செய்தாள். “உங்க சீட்டு உங்களுக்குத்தான் மேடம். டிக்கெட் வாங்கறதுக்கு முன்னாடி வருஷா வருஷம் நாலாயிரம் டாலர் நன்கொடை, அவ்வளவுதான்.”

“நன்கொடைன்னா நானா மனசு வந்து குடுக்கறதுதானே?”

“ஆமா மேடம்.”

“மனசு வரலைன்னா?”

“சீட்டு போயிடும் மேடம்.”

புது அர்த்தமாக இருக்கிறது, சொல்லிக் கொடுத்ததற்கு நன்றி என்று டார்லா போனை வைத்தாள்.

கூரைக்குக் கீழே, கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. அவள் நாற்காலிக்கு ஒரு வங்கிக்காரர் வந்தார். தாமதமாக வருவார், போனைத் தடவுவார், இடைவேளையோடு போய்விடுவார். மேலிருந்து டார்லா கத்திப் பார்த்தாள். புது எதிரணிகளுக்கு எட்டவில்லை. எட்டியிருந்தாலும் என்ன சொல்வது? “ரெண்டாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கறவனை எப்படிக் கிண்டல் பண்றது? அவன் வீட்டுப் புல்லை வெட்டுனானான்னுகூடத் தெரியாதே.”

கிறிஸ்துமஸுக்கு முன் ஷெல்பர்ன் வந்தது. எதிரியாக அல்ல, கூலிக்கு. பெரிய லீக் கல்லூரிகள் சின்னக் கல்லூரிக்குச் செக் கொடுத்து வரவழைத்து, தோற்கடித்து அனுப்பும் வழக்கம் உண்டு. அந்தச் செக் இல்லாவிட்டால் ஷெல்பர்ன் அணிக்குச் செலவைச் சமாளிக்க முடியாது. இடைவேளைக்குள்ளேயே முப்பது புள்ளி பின்தங்கிவிட்டது.

அதைக்கூட டார்லா பொறுத்துக்கொண்டாள். இரண்டாம் பாதியில் ஷெல்பர்ன் பையன் ஒருவன் கூடை போட்டபோது காஸ்பர்ட் கூட்டம் கைதட்டியது. பாவம் பார்த்து. டார்லாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “ஷெல்பர்னுக்கா? நம்மாளுங்களா கை தட்றாங்க?” என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டாள். கீழே ப்ரூயெட் மெல்லத் திரும்பி, தன் பெஞ்சுக்குப் பின்னால் பார்த்தார். வங்கிக்காரர் போயிருந்தார். நாற்காலி காலி. அவர் தோள் இன்னும் கொஞ்சம் தொங்கியது.

டார்லா எழுந்தாள். கைப்பிடியைப் பிடித்துப் படிப்படியாக இறங்கினாள். கீழ் வரிசையை மறித்து நின்ற காவலாளி அவளைப் பார்த்தார், டிக்கெட்டைப் பார்க்கவில்லை. அவள் போய் உட்கார்ந்தாள். நாற்காலி அதே மாதிரி கிறீச்சிட்டது.

“வெண்டல், செக்கு பாஸாயிடுச்சாம். இனிமே ஆட ஆரம்பிக்கலாம்.”

நன்கொடை நாற்காலிகளில் இருந்தவர்கள் உறைந்துபோனார்கள். ப்ரூயெட்டின் கழுத்து சிவந்தது. அவர் திரும்பவில்லை. ஆனால் தொங்கிய தோள் நிமிர்ந்தது. ஒரு கை மெல்ல முதுகுக்குப் பின்னால் வந்தது. விரல்கள் மடங்கி மடங்கி நீண்டன: இன்னும், இன்னும்.

டார்லா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். கையெட்டும் தூரத்தில் இருந்தவரை நோக்கி, மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல, இரண்டு கைகளையும் வாயைச் சுற்றிக் குவித்துக்கொண்டாள்.